ஃபிரேம் உள்ள பையா, இல்லாத பையா?

நேபாள மலைகளில் பல நாள் நடக்கும் அன்னபூர்ணா சுற்றுப் பாதைக்கு முதுகுப்பை தேடியபோது கடைசியில் இரண்டு வகைதான் மிஞ்சின. ஒன்று, மெல்லிய அலுமினிய ஃபிரேமும் முதுகுப்பக்கம் இழுத்துக் கட்டிய வலையும் உள்ள 48 லிட்டர் பை, எடை 1.2 கிலோ. இன்னொன்று, ஃபிரேமே இல்லாத 45 லிட்டர் பை, 650 கிராம். முதலாவதை வாங்கினேன். அரை கிலோவைக் கூடுதலாகச் சுமக்க ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது.

பாக்கெட், ஜிப் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மழைக்கும் அப்படியே: உள்ளே பெரிய பிளாஸ்டிக் பையைப் போட்டு அதற்குள் துணிகளை வைத்துவிட்டால் போதும்.

முடிவு செய்தது இடுப்பு பெல்ட். சுமை தோளில் தொங்கக் கூடாது, இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். மேலே இருக்கும் எடையைப் பெல்ட்டுக்குக் கொண்டுசேர்ப்பது ஃபிரேம்தான். அது இல்லாவிட்டால் பை நடுவில் மடங்கும்; பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் எடை திரும்பத் தோளுக்கே வரும். இதை நான் முன்பு டார்ஜிலிங் பக்கத்துச் சந்தக்பூ மலை நடையில் பட்டுத் தெரிந்துகொண்டேன். நண்பரிடம் வாங்கிப்போன ஃபிரேம் இல்லாத பை, உள்ளே 9 கிலோ. முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. காளிபோக்ரியிலிருந்து சந்தக்பூவுக்கு ஏறும் செங்குத்துப் பாதையில் இரு கை விரல்களும் மரத்துப்போயின. தோள்பட்டிக்கு அடியில் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஏறினேன்.

அதற்காக அந்த வகை மட்டம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் மாதிரி 4,000 கி.மீ.க்கு மேல் நீளும் பாதைகளில் நடக்கும் பலர் அதைத்தான் தோளில் போடுகிறார்கள். அவர்கள் தரையில் படுக்க ஃபோம் பாய் எடுத்துப்போவார்கள். அதை மடித்து முதுகுப்பக்கம் செருகினால் அதுவே ஃபிரேம். அன்னபூர்ணாவிலோ ஊருக்கு ஊர் விடுதி, கட்டில், மெத்தை. பாய்க்கு வேலையே இல்லை. பாய் இல்லாதபோது அந்தப் பைக்கு முதுகெலும்பும் இல்லை. கிராம் கணக்கை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

என் பைக்கும் குறை உண்டு. வலைக்காக ஃபிரேம் வளைந்திருப்பதால் சுமை முதுகிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளியே நிற்கும். 5,416 மீட்டர் உயரத் தோரோங் லா கணவாயிலிருந்து, சாளக்கிராம திவ்யதேசமாகப் போற்றப்படும் முக்திநாத்துக்குச் சுமார் 1,600 மீட்டர் இறங்கும்போது அது பின்னால் இழுத்தது. தண்ணீர் பாட்டிலை முதுகை ஒட்டி வைத்து, தோளுக்கு மேலுள்ள சிறிய பட்டையை இறுக்கியதும் சரியானது. அந்தப் பயணம் முழுக்க ஒரு நாளும் விரல் மரக்கவில்லை. கூடாரம், அடுப்பு எல்லாம் சேர்ந்து 15 கிலோவைத் தாண்டும் நடைக்கு நான் போனதில்லை. அந்தச் சுமைக்கும் இதே பையை வாங்குங்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் முதலில் முதுகை அளங்கள். தலை குனிந்தால் கழுத்தடியில் புடைக்கும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை. எனக்கு 46 செ.மீ. உங்கள் உயரத்தை வைத்து அளவு சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். ஒரே உயரக்காரர்களுக்கும் முதுகு நீளம் வேறுபடும். வெறும் பையை மாட்டிப் பார்த்தால் எல்லாமே பூ மாதிரிதான் இருக்கும். 5 கிலோ அரிசியும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டும் போட்டு அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். பிறகு தோள்பட்டிகளைத் தளர்த்துங்கள். இடுப்பு பெல்ட் வழுக்கிக் கீழே இறங்காமல் நின்றால் வாங்கலாம்.