வேலிக்குள் ரோபோவா, பக்கத்தில் கோபாட்டா?

கோவையில் பம்பு பாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிறோம். சிஎன்சி லேத்தில் (கணினி ஓட்டும் கடைசல் இயந்திரம்) ஷாஃப்ட், அதாவது சுழல் தண்டு, மாட்டிக் கழற்ற ரோபோ வாங்கலாம் என்றதும் இரண்டு வழி இருந்தது. ஒன்று, வேலிக்குள் ஓடும் வழக்கமான ரோபோ. இன்னொன்று, ஆள் பக்கத்திலேயே நிற்கக்கூடிய கோபாட். 8 மாதத்துக்கு முன் கோபாட் வாங்கினோம். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

வேகத்திலும் தூக்கும் எடையிலும் வேலி ரோபோதான் மேல். ஒரே உருப்படி வருஷம் முழுக்க ஓடுகிறதென்றால் யோசிக்காமல் அதை வாங்குங்கள்.

எங்கள் கதை வேறு. திங்கள்கிழமை 200 ஷாஃப்ட், புதன்கிழமை வேறு அளவில் 80. ஒவ்வொரு முறையும் ரோபோவுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். வேலி ரோபோ வைத்திருக்கும் நண்பர் அதற்கு வெளியாளைக் கூப்பிடுகிறார்; அவர் வரும்வரை லேத் சும்மா நிற்கிறது. எங்கள் பட்டறையில் ஆபரேட்டர் அக்காவே கோபாட்டின் கையைப் பிடித்து, லேத்தில் ஷாஃப்டைக் கவ்வும் சக் வரை நகர்த்தி, பென்டன்ட் என்ற கைக் கருவியில் இடத்தைப் பதிந்து, முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். “அரிசியில அ எழுத வைக்கிற மாதிரிதானுங்க” என்பார்.

வேலையைப் பிரித்ததில்தான் முதலில் சொதப்பினோம். கோபாட் நீட்டுவதை அக்கா கையில் வாங்க வேண்டும் என்று வைத்தோம். அதன் வேகத்துக்கு அவர் காத்து நின்றார், கழிவறைக்குக்கூடப் போக முடியவில்லை. இப்போது நடுவில் 12 குழி உள்ள ஒரு தட்டு. கோபாட் அதில் வைத்துக்கொண்டே போகும். அவர் தோதுப்படும்போது எடுத்துப் பிசிறு தட்டி, மைக்ரோமீட்டரில் அளந்து, அளவு நகர்ந்தால் லேத்தில் திருத்துகிறார். டீ குடிக்கப் போனாலும் தட்டு நிறையும்வரை வேலை நிற்காது.

‘கோபாட்டுக்கு வேலியே வேண்டாம்’ என்ற விற்பனைப் பேச்சு பாதிதான் சரி. மோதினால் கை நிற்கும், ஆனால் அது பிடித்திருக்கும் ஷாஃப்டின் ஓரம் கத்தி போல இருக்குமே! 2016இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற கோபாட் பாதுகாப்பு ஆவணம், உடம்பில் எந்த இடம் எவ்வளவு விசை தாங்கும் என்று வரம்பு சொல்கிறது. கூரான முனைக்கு அந்த வரம்பு உதவாது. தட்டுக்குப் பக்கத்தில் தடுப்பு வைத்து, வேகத்தையும் குறைத்தோம்.

பராமரிப்பில் இதுவரை கிரிப்பர் (உருப்படியைப் பிடிக்கும் பாகம்) ரப்பர் மட்டும்தான் மாற்றினோம். 8 மாதத்தை வைத்து மூட்டுகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நண்பர் தன் ரோபோவை ராத்திரி ஆளில்லாமல் ஓட்டுகிறார். எங்களுடையதை அப்படி விட எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. சக்கில் இரும்புச் சுருள் சிக்கினால் ஏர் கன்னால் ஊதிவிட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.