மூன்று அடுக்குச் சுடுமண் உரப்பானை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த வாரத்தில், சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் மூன்று அடுக்குச் சுடுமண் பானை ஒன்றை 2,800 ரூபாய் கொடுத்து வாங்கினோம். சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி வீடு எங்களுடையது. ஆறடிக்கு மூன்றடி பால்கனி. நான், கணவர், மகள், மாமியார் என நான்கு பேர். அக்னி நட்சத்திர வெயிலையும் ஐப்பசி மழையையும் இந்தப் பானை எப்படித் தாங்குகிறது என்று பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். இதை வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிய வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டு பருவங்களில்தான் தெரிய வந்தது.

வாங்கியதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருங்குடி குப்பைக் கிடங்கு எங்கள் பகுதிக்குத் தொலைவில் இல்லை. 2022 ஏப்ரல் இறுதியில் அங்கே தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது, சன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தோம். அந்தக் கிடங்கு ஒட்டியிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அதே ஆண்டில்தான் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. நம் நகரங்களின் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் மிச்சச் சோறுமான ஈரக் கழிவுதான். அது காற்றுப் புகாத குப்பை மேட்டின் அடியில் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தை அது வளிமண்டலத்தில் பிடித்து வைக்கிறது. அதே கழிவு காற்றோட்டத்தில் மட்கினால் மீத்தேன் பெருமளவு உண்டாவதில்லை. குப்பையை மட்கும் குப்பை, மட்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் குப்பை என்று பிரித்துத் தர வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. பிரித்ததில் ஈரமான பங்கை வீட்டு வாசலைத் தாண்ட விடாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்பதே எங்கள் கேள்வியாக இருந்தது.

பானையின் அமைப்பு எளிமையானது. ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும் மூன்று பானைகள். உச்சியில் ஒரு மண் மூடி. மேலிரண்டுக்கும் அடிப்பாகம் கிடையாது. அந்த இடத்தில் கயிற்றுப் பின்னல் இருக்கும். அதன் மேல் செய்தித்தாளை விரித்துக் கழிவைப் போடத் தொடங்க வேண்டும். கீழ்ப்பானைக்கு மட்டும் முழுமையான அடி உண்டு. பக்கச் சுவர்களில் காற்றுத் துளைகள் இருக்கின்றன. மேற்பானை நிறைந்ததும் அதை நடுவில் வைத்து, காலியான நடுப்பானையை மேலே ஏற்ற வேண்டும். அதுவும் நிறையும்போது, முதலில் நிறைந்ததைக் கீழ்ப்பானையில் கொட்டி ஆறவிட வேண்டும். சுடுமண் என்பதால் கழிவின் ஈரத்தில் ஒரு பங்கு சுவர் வழியாகவே கசிந்து ஆவியாகிறது. இந்த ஒரு குணத்துக்காகவே பிளாஸ்டிக் வாளிகளை விட்டு இதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வில் இன்றளவும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இந்த வகைப் பானையைப் பரவலாக்கியதில் 2006இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட டெய்லி டம்ப் நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. நாங்கள் வாங்கியது அவர்களுடையதன்று. அதே அமைப்பில் உள்ளூரில் செய்து விற்கப்படுவது.

விற்பனையாளர் சொல்லாமல் விட்டதும், இந்தப் பானையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதும் ஒன்றேதான்: காய்ந்த பொருள். கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறத்தாழ 25 அல்லது 30 பங்குக்கு ஒன்று என்ற அளவில் தேவை. காய்கறித் தோல், காப்பித் தூள், மிச்சச் சோறு போன்றவற்றில் தழைச்சத்தும் ஈரமும் மிகுதி. சருகு, மரத்தூள், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றில் கரிமம் மிகுதி. இரண்டாவது வகையைப் போதிய அளவு சேர்க்காவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த பானையானாலும் நாற்றமெடுக்கும். மூக்கைச் சுளிக்க வைக்கும் நவச்சார (அம்மோனியா) நெடி வந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது என்று பொருள். புளித்து அழுகிய வாடை வந்தால் ஈரம் மிகுந்து காற்று குறைந்துவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் மருந்து ஒரு கை சருகும் ஒரு கிளறலும்தான். இந்த மூன்று வரிகளை அச்சடித்துப் பானையோடு கொடுத்திருந்தால், முதல் இரண்டு மாதம் நான் பட்ட பாடு எனக்கு மிச்சமாகியிருக்கும்.

மாறாக, பானையுடன் இரண்டு கிலோ தென்னை நார்ப் பொடியைக் கொடுத்து, தீர்ந்ததும் எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நுண்ணுயிர் கலந்த அந்தப் பொடி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மாதந்தோறும் வாங்க வேண்டிய தேவை இல்லை என்பது பங்குனி மாதம் தெருவைப் பார்த்தபோது புரிந்தது. எங்கள் தெருவில் நான்கு புங்க மரங்கள் நிற்கின்றன. அவை உதிர்க்கும் சருகைக் காலையில் கூட்டி, ஓரமாகக் குவித்துக் கொளுத்துவது வழக்கமாக இருந்தது. இப்போது வாரம் இரண்டு சாக்கு சருகை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். தெருவில் அந்தப் புகை வெகுவாகக் குறைந்துவிட்டது. சருகு கிடைக்காத நாட்களுக்கு மரவாடியில் மரத்தூள் கேட்டு வாங்கலாம். தச்சுக் கூடத்திலிருந்து வரும் பிளைவுட் தூளை மட்டும் சேர்க்கக் கூடாது. அதில் பசையும் வேதிப்பொருளும் கலந்திருக்கும். நுண்ணுயிருக்கும் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. முந்தைய உரத்தில் ஒரு பிடியும், கொஞ்சம் புளித்த மோரும் போதும்.

கோடையில் எனக்கு ஏற்பட்ட சிக்கல் நான் எதிர்பாராதது. சித்திரை வெயிலில் மண் சுவர் ஈரத்தை அளவுக்கு மீறி இழுத்துவிட, உள்ளே இருந்த கழிவு மட்காமல் வற்றலாகிக் காய்ந்து கிடந்தது. எறும்பு ஏறியதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். உரப்பானையில் எறும்பு புற்று வைத்தால் ஈரம் போதவில்லை என்று கொள்ளலாம். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. அதுவே சரியான பதம். அந்த வேளையில் பானையைச் சுவரோரம் நகர்த்தி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரிசி களைந்த தண்ணீரைத் தெளித்து வந்ததும் சரியாயிற்று.

மழைக்காலக் குறை அப்படி எளிதில் தீரவில்லை. அதற்கு முழுக் காரணம் பானையின் வடிவமைப்பே என்பதையும் இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன். மூடி பானையின் வாய்க்குச் சமமாக உட்காருகிறதே தவிர, வெளியே நீண்டு தொங்கும் விளிம்பு அதற்கு இல்லை. வடகிழக்குப் பருவமழை நேராகப் பெய்வதில்லை. கடற்காற்றோடு சாய்ந்து அடிக்கும். ஐப்பசியில் இரண்டு நாள் அடித்த மழையில் மூடியின் ஓரம் வழியாகவும் காற்றுத் துளை வழியாகவும் நீர் இறங்கி, கீழ்ப்பானையில் பழுப்பு நிறத் தண்ணீர் தேங்கிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் பால்கனித் தரை முழுவதும் விரல் நுனி நீளப் புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. சில கீழ் வீட்டுப் பால்கனிக்கும் போய்விட்டன. கீழ் வீட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, நானே போய்க் கூட்டிவிட்டு வந்தேன். படைவீரன் ஈ எனப்படும் ஒரு வகை ஈயின் புழுக்கள் அவை. கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை, கடிக்காதவை, நோய் பரப்பாதவை. கூட்டுப்புழுவாகும் தருணத்தில் ஈரத்தை விட்டுக் காய்ந்த இடம் தேடி வெளியேறுவது அவற்றின் இயல்பு. இவ்வளவும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் அடுத்த வீட்டாருக்கு இந்த விளக்கத்தைச் சொல்லிப் பயனில்லை. புழு அவர்கள் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது பானை வைத்திருப்பவரின் பொறுப்பு.

அன்றைக்கு வழி சொன்னவர் மாமியார். தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லையில் எருக்குழி வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர். "ஈரத்தைப் பார்த்துக்கிட்டே நிக்காதம்மா, ரெண்டு படி காஞ்ச தூளைக் கொட்டி, மேலாக்க ஒரு கை சாம்பல் தூவு" என்றார். தேங்கிய நீரை வடித்து, பாதிக் கழிவை வாளியில் எடுத்து மரத்தூளோடு பிசறி, மறுபடி நிரப்பி, மேலே கொஞ்சம் வேப்பம் புண்ணாக்குத் தூளும் சாம்பலும் தூவினோம். நான்கே நாளில் வாடை அடங்கிற்று. சாம்பலை அளவோடுதான் போட வேண்டும். மிஞ்சினால் காரத்தன்மை கூடித் தழைச்சத்து நவச்சார ஆவியாய்ப் பறந்துவிடும். அதன் பிறகு, பானையின் மேல் ஒரு பழைய முறத்தைக் கவிழ்த்து, காற்றுத் துளைகளுக்கு உட்புறமாகக் கொசுவலைத் துணியை ஒட்டிவிட்டோம். மிச்ச மழைக்காலம் சிக்கலின்றிக் கழிந்தது.

முதல் முறை உரத்தைச் சலித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏறத்தாழ 60 நாட்கள் ஆகியிருந்தன. கறுத்து, உதிரியாய், முதல் மழைக்குப் பின் மண்ணிலிருந்து எழும் வாசனையோடு இருந்தது. அந்த வாசனையை உண்டாக்கும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்களே இங்கும் வேலை செய்கின்றன. சல்லடையில் மாங்கொட்டை, மட்காத முருங்கைச் சக்கை, முட்டை ஓட்டுச் சில்லுகள் ஆகியவற்றோடு வேறு சிலவும் தங்கின. பால் பாக்கெட்டின் வெட்டிய முனைகள் பதினொன்று. ஆப்பிள் மேல் ஒட்டியிருந்த சீட்டுகள் ஐந்து. சாமி படத்துக்குச் சாத்திய கதம்பத்தைக் கட்டியிருந்த நைலான் நூல் ஒரு சுருணை. பூவெல்லாம் மட்கிப்போக, நூல் மட்டும் புதிதாகவே இருந்தது. அந்த முக்கோணத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் பால் வாங்கும் வீட்டில் ஆண்டுக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். பழைய பொருள் வாங்குபவரும் எடுக்க முடியாத அளவுக்குச் சிறியவை. இத்தனை ஆண்டுகளும் எங்கே போயிருக்கும்? அன்று முதல் எங்கள் வீட்டில் பாக்கெட்டின் முனையை முழுவதுமாக வெட்டுவதில்லை. பாதி கீறி, முனை பாக்கெட்டோடு தொங்கும்படி விட்டு, கழுவிக் காய வைத்துச் சேர்த்துக் கொடுக்கிறோம். பூவும் வாழை நாரில் கட்டியதாகக் கேட்டு வாங்குகிறோம்; மகள் இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறாள். உரம் செய்யத்தான் பானை வாங்கினோம். வீட்டுக்குள் வரும் பொருட்களைச் சலித்துக் காட்டும் வேலையையும் அது செய்கிறது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

கணக்கையும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் நாள்தோறும் நிறுத்துப் பார்த்தேன்: சராசரியாக நாளுக்கு 650 கிராம், மாதத்துக்கு ஏறத்தாழ 20 கிலோ ஈரக் கழிவு. அதிலிருந்து நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உரம் கிடைக்கிறது. மீதி நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் போய்விடுகிறது. ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து மாடியில் கத்தரி, மிளகாய், கீரை வைக்கிறோம். இவ்வளவு சிறிய பானையில் விதைகளைச் சாகடிக்கும் அளவுக்கு வெப்பம் ஏறுவதில்லை. எனவே உரம் போட்ட தொட்டிகளில் தக்காளியும் பூசணியும் தாமாகவே முளைக்கின்றன. அந்த வெப்பத்தில் நோய்க்கிருமிகளும் சாவதில்லை என்பதால் நாய், பூனைக் கழிவுகளை இதில் சேர்க்கக் கூடாது. ஊறுகாய், உப்பு மிகுந்த குழம்பு ஆகியவற்றையும் தவிர்க்கலாம். உப்பு மட்காமல் உரத்தில் தங்கிச் செடியைப் பாதிக்கும்.

இனிக் குறைகள். கயிற்றுப் பின்னல் எட்டாம் மாதத்தில் இற்றுப்போனது. பானையை நகர்த்தும்போது அடி விட்டு, கழிவு முழுவதும் கீழே கொட்டியது. விற்றவர்களிடம் மாற்றுக் கயிறு கேட்டதற்குத் தனியாக விற்பதில்லை என்றார்கள். தேங்காய் நார்க் கயிற்றை வாங்கி நாங்களே பின்னிக்கொண்டோம். அடுத்தது எடை. நிறைந்த பானையைத் தூக்கி இடம் மாற்ற இருவர் வேண்டும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இந்த அமைப்பு ஏற்றதன்று. அவர்கள் இரண்டு சாதாரண மண் தொட்டிகளில் துளையிட்டு, ஒன்று நிறைந்ததும் மற்றொன்றைத் தொடங்கும் முறையைக் கையாளலாம். பயன் ஒன்றே, செலவு குறைவு. வாரம் மூன்று நாள் மீனும் கறியும் சமைக்கும் வீடுகளுக்கும் இந்தப் பானை போதாது. மீன் செதிலையும் எலும்பையும் மாநகராட்சி வண்டியில் ஈரக் குப்பையாகத் தனியே கொடுப்பதே நல்லது.

மின்சாரத்தில் இயங்கும் உர இயந்திரம் வாங்கலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். அவற்றில் பல, கழிவைச் சூடாக்கி உலர்த்திப் பொடிக்கின்றனவே தவிர மட்கச் செய்வதில்லை. அந்தப் பொடி மண்ணில் நனைந்த பிறகுதான் மட்கத் தொடங்கும். மின்சாரமும் செலவாகிறது. இடமே இல்லாதவர்களுக்கு அது ஒரு வழி. ஒரு பால்கனி உள்ளவர்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

நான்கைந்து பேர் உள்ள, காய்கறிச் சமையல் மிகுந்த, சாரல் நேராக அடிக்காத ஓர் இடமுள்ள வீட்டுக்கு இந்தச் சுடுமண் பானையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வாங்கும்போது மூடிக்கு வெளி விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் தட்டிப் பார்த்துக் கணீரென்று ஒலிப்பதையே எடுங்கள். பானையைக் கொண்டுவரும் முன்பே இரண்டு சாக்கு சருகைச் சேர்த்து வைத்துவிடுங்கள். என் தங்கை வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று கொசப்பேட்டையில் ஒரு குயவரிடம் நேரில் போய்ச் சொல்லியிருக்கிறேன். மூடி பானையின் வாயைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே நீள வேண்டும், துளைகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்று தரையில் வரைந்து காட்டினேன். அடுத்த சூளை வைக்கும்போது சேர்த்துச் சுட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.