கனடா ஒர்க் பெர்மிட்: எல்எம்ஐஏ-வுக்குப் பணம் கேட்டாலே விலகிவிடுங்கள்

கனடாவில் வேலை ரெடி, எல்எம்ஐஏ (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளிக்குக் கனடா அரசு தரும் ஒப்புதல்) கையில் இருக்கிறது, இரண்டு தவணையில் பணத்தைக் கட்டினால் போதும் என்று ஆசைகாட்டும் ஏஜென்ட்களிடம் ஏமாந்தவர்களின் கதை பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறது. முதல் தவணை கைமாறியதும் ஆஃபர் லெட்டர் வரும். பிறகு பாஸ்போர்ட் நகல், சான்றிதழ்கள், பயோமெட்ரிக்ஸ் (கைரேகை, புகைப்படப் பதிவு) எல்லாம் முறையாக நடக்கும். சந்தேகமே வராது. ஏனென்றால் விண்ணப்பம் உண்மையிலேயே அனுப்பப்பட்டிருக்கும். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் விண்ணப்பித்தவருக்குத் தெரியாது.

அடுப்பங்கரைப் பக்கமே போகாதவருக்குச் சமையல்காரர் என்று அனுபவக் கடிதம் சேர்த்திருப்பார்கள். அதிகாரிக்குச் சந்தேகம் வந்து விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதம், ஏஜென்ட் உருவாக்கிய மின்னஞ்சலுக்குப் போய்ச் சேரும். கெடு முடியும்வரை அவர் வாயைத் திறக்க மாட்டார். கடைசியில் வருவது சாதாரண மறுப்பு அல்ல. பொய்த் தகவல் தந்ததற்காக, கனடாவின் குடிவரவுச் சட்டம் 40ஆம் பிரிவின்படி 5 ஆண்டுத் தடை. அது விழுவது ஏஜென்ட் மீது அல்ல, பாஸ்போர்ட்டுக்கு உரியவர் மீது. அந்த 5 ஆண்டும் நிரந்தர வசிப்புரிமைக்கும் (பிஆர்) விண்ணப்பிக்க முடியாது. பறிபோன பணத்தைவிட இதுதான் பெரிய இழப்பு.

எல்எம்ஐஏ என்பது, உள்ளூரில் ஆள் கிடைக்காததால் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்க ஒரு முதலாளிக்குக் கனடா அரசு தரும் ஒப்புதல். விண்ணப்பிப்பவர் முதலாளி, ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடிய டாலர் கட்டணத்தைக் கட்ட வேண்டியவரும் அவரே. அதைத் தொழிலாளியிடம் வசூலிக்கவோ சம்பளத்தில் பிடிக்கவோ கூடாது. ஆள்சேர்ப்புக் கட்டணம் எதையும் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது, இடைத்தரகர் மூலமாகவும் வாங்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் வந்த விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. எனவே "எல்எம்ஐஏ ஒரிஜினல்தான், அதனால்தான் இந்த விலை" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். ஒரிஜினலாகவே இருந்தாலும் அதை விற்பது குற்றம். விலைக்கு வாங்கிய எல்எம்ஐஏ-வின் பின்னால் பெரும்பாலும் உண்மையான வேலை இருக்காது என்பது விசா அதிகாரிகளுக்கும் தெரியும்.

தொழிலாளி கட்ட வேண்டிய அரசுக் கட்டணம் சிறியது. ஒர்க் பெர்மிட்டுக்கு 155 டாலர், பயோமெட்ரிக்ஸுக்கு 85 டாலர். மருத்துவப் பரிசோதனை தேவைப்பட்டால், கனடா அரசு அங்கீகரித்த பட்டியலில் உள்ள மருத்துவரிடம் நேரடியாகக் கட்டலாம். போலீஸ் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, விசா மையத்தின் சேவைக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுகள் தனி. இவற்றுக்கு மேல் கேட்கும் ஒவ்வொரு தொகைக்கும் "எதற்கு, யாருக்கு, ரசீது எங்கே?" என்று கேளுங்கள்.

ஆலோசகருக்குக் கட்டணம் கொடுப்பது தவறல்ல. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல எல்லோருக்கும் உரிமை இல்லை. கனடா மாகாண வழக்கறிஞர் சங்க உறுப்பினர்கள், கியூபெக் நோட்டரிகள், குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு) பதிவுபெற்றவர்கள் ஆகியோருக்கே அது உண்டு. ஏஜென்ட் எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும் இதே விதிதான். கல்லூரியின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அங்கே பெயர் இருப்பதோடு திருப்தி அடையாதீர்கள். இன்னொருவரின் பதிவு எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்பவர்கள் உண்டு. பதிவேட்டில் உள்ள தொடர்பு விவரத்தை எடுத்து, அதன் வழியே "இவர் உங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவரா?" என்று கேட்டுவிடுங்கள்.

அதைவிட நம்பகமான சோதனை ஐஎம்எம் 5476 படிவம். பிரதிநிதி ஒருவர் உங்களுக்காகச் செயல்படுகிறார் என்று அரசுக்குத் தெரிவிக்கும் தாள் அது. அவர் தன் பெயரும் பதிவு எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், நீங்களே போட்டது மாதிரி அனுப்பிவிடலாம், சீக்கிரம் முடியும்" என்று சொன்னால் அவர் மறைந்து நிற்கப் போகிறார் என்று அர்த்தம். கோப்பில் அவர் பெயரே இல்லாதபோது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொய்யும் உங்கள் பொய்யாகிவிடும்.

அனுப்புவதற்கு முன், ஒர்க் பெர்மிட் விண்ணப்பமான ஐஎம்எம் 1295 படிவத்தையும் இணைப்புகள் எல்லாவற்றையும் முழு பிடிஎஃப்-ஆக வாங்கி, வரி விடாமல் படியுங்கள். வேலை அனுபவம், முந்தைய விசா மறுப்புகள், குடும்ப விவரம் ஆகிய மூன்று இடங்களில்தான் அதிகம் கைவைக்கிறார்கள். மின்னஞ்சல் உங்களுடையதாக, கடவுச்சொல் உங்களிடம் மட்டுமே இருப்பதாக இருக்கட்டும்.

முதலாளியையும் தனியாக விசாரியுங்கள். ஏஜென்ட் தரும் எண்ணில் வேண்டாம். நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். ஒப்புதல் பெற்ற முதலாளிகளின் பட்டியலையும், விதிமீறியவர்களின் பட்டியலையும் கனடா அரசு வெளியிடுகிறது. எல்எம்ஐஏ கடிதத்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள். 2024 மே முதல் பொதுவாக 6 மாதமே செல்லும். காலாவதியான கடிதத்தைக் காட்டிப் பணம் கேட்பதும் நடக்கிறது.

இன்னும் புழக்கத்தில் இருக்கும் இரண்டு பழைய கதைகளை நம்ப வேண்டாம். "விசிட்டர் விசாவில் போய்விடுங்கள், அங்கேயே ஒர்க் பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளலாம்" என்பது ஒன்று. அதற்கு வழிவிட்ட தற்காலிகச் சலுகை 2024 ஆகஸ்ட் 28-இல் முடிந்துவிட்டது. "எல்எம்ஐஏ இருந்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கூடுதல் புள்ளி" என்பது மற்றொன்று. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது புள்ளிக் கணக்கில் நிரந்தர வசிப்புரிமைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. எல்எம்ஐஏ-வுக்கான அந்தப் புள்ளிகளை 2025 மார்ச் 25 முதல் நீக்கிவிட்டார்கள்.

ஒப்புதல் கிடைத்தால் வருவது அறிமுகக் கடிதம். அது ஒர்க் பெர்மிட் அல்ல. விசா தேவைப்படும் நாட்டவர்களுக்கு, பாஸ்போர்ட்டை விசா மையத்தில் கொடுத்து ஸ்டிக்கர் ஒட்டி வாங்கும் கட்டம் இருக்கிறது. வாட்ஸாப்பில் ஒரு பிடிஎஃப்-ஐ மட்டும் அனுப்பிவிட்டு "பெர்மிட் வந்துவிட்டது, கடைசித் தவணையைப் போடுங்கள்" என்றால் பணத்தைப் போடாதீர்கள். பெர்மிட்டை அச்சடித்துத் தருபவர் கனடாவின் நுழைவிடத்தில் இருக்கும் எல்லை அதிகாரி. பெயர், முதலாளி, காலாவதித் தேதி சரியா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி, விண்ணப்பமும் போய்விட்டதா? முதலில் ஏஜென்டுடனான உரையாடல்கள், வங்கிப் பரிமாற்றச் சீட்டுகள், அவர் அனுப்பிய ஆவணங்கள் அத்தனையையும் வேறிடத்தில் சேமியுங்கள். அதற்குப் பிறகு சண்டை போடலாம். குடிவரவுத் துறையின் இணையப் படிவம் வழியாக உங்கள் சொந்த மின்னஞ்சலைத் தெரிவியுங்கள். பொய் ஆவணம் உள்ளே இருப்பது தெரிந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் பதிவுபெற்ற ஆலோசகரோ வழக்கறிஞரோ மூலம் முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள். கோப்பில் என்ன இருக்கிறது என்பதை, தனியுரிமைச் சட்டத்தின் கீழ் நகல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பெர்மிட்டைக் காட்டி மிரட்டிப் பணம் பறிக்கும் முதலாளியிடம் சிக்கியிருந்தால், பாதிப்புக்குள்ளான தொழிலாளர்களுக்கான திறந்த ஒர்க் பெர்மிட்டுக்கு (ஒரே முதலாளியோடு கட்டிப்போடாத பெர்மிட்) விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. அந்த முதலாளியின் சம்மதமும் தேவையில்லை.