செட்டப்புக்குக் கொடுத்தால் நட்டில் அரம் போடுகிறார்கள்

ஊருக்கு வரும்போது கிட்டாரை செட்டப்புக்கு (கம்பி உயரம், நெக் வளைவு எல்லாம் சரிசெய்ய) கொடுப்பது வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. அங்கே தேதி வாங்கி, சீட்டு வாங்கி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய வேலை. இங்கே "உட்காருங்க, இப்பவே பண்ணித் தர்றேன்" என்று ஆரம்பமாகிவிடும். இந்த முறை மேசைக்குப் போனவை ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்), ஒரு கிப்சன் லெஸ் பால், கம்பியைத் திருகிப் பூட்டும் லாக்கிங் நட் வைத்த ஒரு ஐபனெஸ். கடைசி இரண்டும் ஒழுங்காகத் திரும்பிவிட்டதால் அவற்றின் வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ட்ராட் மட்டும் நட்டில், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு கட்டையில், இரண்டாம், மூன்றாம் கம்பிகளின் பள்ளம் ஆழமாகி வந்தது. அந்த இரண்டு கம்பியையும் பிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தாமல் மீட்டினால் ஸ்ஸ்ர்ர் என்று ஒரு இரைச்சல்.

சொன்ன புகார் சாதாரணமானது: "கம்பி உயரமா இருக்கு, முதல் பிரெட்டில் எஃப் பிடிக்கக் கை வலிக்குது." அதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். நெக் முன்பக்கம் வளைந்திருக்கலாம், உடம்புப் பக்கத்துப் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடில் உயர்ந்திருக்கலாம், நட்டின் பள்ளம் மேலோட்டமாக இருக்கலாம். ஹீட்டர் ஓடும் வறண்ட அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்த நெக் பெரும்பாலும் முன்பக்கம்தான் வளையும். சிலது எதிர்ப்பக்கமும் போகும், அதனால்தான் அளந்து பார்க்க வேண்டும் என்பது. முதல் பிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி பிரெட்டில் ஆறாம் கம்பியை அழுத்தி, எட்டாவது பிரெட்டுக்கு மேல் இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. ஸ்ட்ராட்டில் அது 0.25 மி.மீ. இருந்தால் போதும். அரை மி.மீ.யை நெருங்கினால் நெக் வளைந்திருக்கிறது, நெக்குக்குள் இருக்கும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைத் திருப்ப வேண்டும் என்று அர்த்தம். இதை அளக்காமல் நட்டில் கை வைத்ததுதான் கோளாறு.

ட்ரஸ் ராடும் சேடிலும் திருகினால் திரும்பும். அரம் போட்ட நட் திரும்பாது. அதனால் வேலையின் வரிசை மாறவே கூடாது: முதலில் புதுக் கம்பி போட்டு, வாசிக்கப் போகும் ஸ்வரத்துக்கே ட்யூன் செய்ய வேண்டும், அடுத்து நெக் வளைவு, பிறகு சேடில் உயரம், பிறகு இன்டொனேஷன் (எல்லா பிரெட்டிலும் ஸ்வரம் சரியாக நிற்கச் சேடிலை முன்பின் நகர்த்துவது). இத்தனைக்குப் பிறகும் முதல் இரண்டு பிரெட்டில் மட்டும் கனமாக இருந்தால்தான் நட்டுக்குப் போக வேண்டும். பத்தில் ஏழு எட்டு கிட்டாருக்கு அதுவரை போகவே தேவையிருக்காது என்பது என் கணிப்பு.

நட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அளவுகோல்கூட வேண்டாம். மூன்றாவது பிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் பிரெட்டின் மேல் பாருங்கள். கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் இடம் தெரிய வேண்டும். விரலால் தட்டினால் டிக் என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். கம்பி பிரெட்டில் ஒட்டிப் படுத்திருந்தால் பள்ளம் ஆழமாகிவிட்டது. இடைவெளி தாராளமாகத் தெரிந்தால் பள்ளம் போதவில்லை. அப்போது திறந்த கம்பி ட்யூனரில் சரியாக நிற்கும், முதல் பிரெட்டில் பிடிக்கிற கார்டு (பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிப்பது) மட்டும் ஸ்வரம் ஏறிக் கேட்கும். திறந்த கம்பியில் மட்டும் இரைச்சல், எந்த பிரெட்டில் அழுத்தினாலும் இரைச்சல் இல்லை என்றால் பழி நட்டின் மேல்தான். இதை மேசையிலேயே வைத்துக் காட்டினால் யாராலும் மறுக்க முடியாது. வீட்டுக்குப் போய் கண்டுபிடித்தால், "கம்பி செட்டாக ரெண்டு நாள் ஆகும்" என்ற பதில்தான் வரும். அப்படி எந்த நட்டும் இரண்டு நாளில் செட்டாவதில்லை.

ஆழத்தோடு சரிவும் முக்கியம். பள்ளம் பிரெட்போர்டு பக்கம் உயர்ந்து ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் கீ உள்ள தலை) பக்கம் இறங்க வேண்டும். கம்பி விட்டு வரும் இடம் ஒரே ஒரு கூர்மையான விளிம்பாக இருக்க வேண்டும். அந்த விளிம்பு மழுங்கி, கம்பி பள்ளத்துக்குள் தட்டையாகக் கிடந்தால் தம்புராவில் ஜீவாளி நூல் வைத்தது போல ரீங்காரம் கிளம்பும். தம்புராவுக்கு அது அழகு. ஸ்ட்ராட்டில் கழுத்துப் பக்கப் பிக்கப்பைப் போட்டு மெதுவாக வாசிக்கும்போது அது வந்தால் எரிச்சல் தாங்காது. பள்ளத்தின் அகலமும் கம்பியின் தடிமனைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். 10-46 செட்டுக்கு (முதல் கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, ஆறாவது 46 பங்கு தடிமன்) வெட்டிய பள்ளத்தில் 9-42 போட்டால் பெரிய தொந்தரவில்லை. 9-க்கு வெட்டியதில் 10 போட்டால் கம்பி பிடித்துக்கொள்ளும், ட்யூனிங் கீயைத் திருப்பும்போது டிங் டிங் என்று தாவும், ஒவ்வொரு பெண்டுக்குப் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி ஸ்வரம் ஏற்றுவது) பிறகும் ஸ்வரம் விலகும்.

ஆழமான பள்ளத்துக்கு அவசர வைத்தியம் உண்டு. எலும்புத் தூளைப் பள்ளத்தில் நிரப்பி, ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, இறுகியதும் சரியான அளவு நட் அரத்தால் திரும்ப வெட்டுவது. சமையல் சோடாவும் வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் தேயும். விடுமுறைக்கு அது போதும். நிரந்தரத் தீர்வு புது எலும்பு நட்தான். முக்கோண அரத்தாலோ ரம்பத்தின் ஓரத்தாலோ பள்ளம் வெட்ட முனைந்தால் அந்த இடத்திலேயே கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு வருத்தம், "மூணையும் ஒரே மாதிரி செட் பண்ணிட்டேன்" என்ற பெருமை. மூன்றும் ஒரே மாதிரி இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ஸ்ட்ராட்டின் ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை கம்பியின் நீளம்) 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. லெஸ் பாலுக்கு 24.75 அங்குலம், 629 மி.மீ. இரண்டிலும் ஒரே 10 கம்பியைப் போட்டால் முதல் கம்பியின் இழுவிசை ஸ்ட்ராட்டில் சுமார் 7.3 கிலோ, லெஸ் பாலில் சுமார் 6.9. காகிதத்தில் அரைக் கிலோகூட இல்லை, பெண்ட் செய்யும் விரலுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஸ்ட்ராட்டில் 9-உம் லெஸ் பாலில் 10-உம் போடுகிறவர்கள் அதிகம். ஒரே தடிமன் கம்பி, ஒரே உயரம் என்று வைத்துவிட்டு "ஸ்ட்ராட் கொஞ்சம் ஹார்டு சார்" என்றால், அது கிட்டாரின் குணமா செட்டப்பின் குணமா என்று எப்படித் தெரியும்?

பிரெட்போர்டின் குறுக்குவாட்டு வளைவு அதைவிடப் பெரிய விஷயம். பழைய ஃபெண்டர்களில் 7.25 அங்குல ஆரம், இப்போதைய பலவற்றில் 9.5, கிப்சனில் 12, ஐபனெஸில் 400 அல்லது 430 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட பலகை. எண் சிறிதாக இருந்தால் வளைவு அதிகம். ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கார்டு பிடிக்க ஆள்காட்டி விரலுக்கு இதம். ஆனால் அதே வளைவில் கம்பியைத் தாழ்த்திவிட்டு முதல் கம்பியைப் பெண்ட் செய்தால், அது நடுவிலுள்ள மேட்டில் மோதி ஸ்வரம் செத்துப்போகும். அதனால் 7.25 ஆரத்துக்கு 17-ஆவது பிரெட்டில் ஆறாம் கம்பி 2 மி.மீ., முதல் கம்பி 1.6 மி.மீ. என்று கொஞ்சம் உயரம் விடுவார்கள். 9.5-க்கு இரண்டு பக்கமும் 1.6 போதும். தட்டையான ஐபனெஸில் இன்னும் இறங்கலாம். லெஸ் பாலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 2.0, 1.2 என்ற அளவு 12-ஆவது பிரெட்டில் எடுப்பது. ஃபெண்டர் அளவு 17-ஆவதில். எந்த பிரெட் என்று கேட்காமல் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பாதிக் கிட்டார் தப்பாகத்தான் வரும்.

நெக்கின் தடிமன் பழக்கத்தைப் பொறுத்தது. ஐபனெஸின் விஸார்டு வகை முதல் பிரெட்டில் 17 முதல் 19 மி.மீ. வரைதான், ஐம்பதுகள் பாணி லெஸ் பால் 22-ஐத் தொடும். ஒல்லி நெக் வேகம், தடிமன் நெக் கை வலி என்பதெல்லாம் அரை உண்மை. ஒரு மணி நேரம் ரிதம் வாசித்தால் ஒல்லி நெக்கில்தான் கட்டைவிரல் அடிப்பகுதி முதலில் பிடித்துக்கொள்ளும். ஈரக்காற்றில் பளபள பூச்சு உள்ள நெக் உள்ளங்கையில் ஒட்டும், குறிப்பாக லெஸ் பாலின் நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பூச்சு. அதே நைட்ரோவுக்கு விமானத்தில் குளிர்ந்த பெட்டியை வந்தவுடன் திறந்தாலும் ஆகாது; சில மணி நேரம் மூடியே வைத்தால் பூச்சு வெடிக்காது.

கம்பியின் இழுவிசைக்கும் பின்னாலுள்ள ஸ்பிரிங்குக்கும் நடுவே நிற்கும் மிதக்கும் பிரிட்ஜ் கையை ஏமாற்றும். ஒரு கம்பியைப் பெண்ட் செய்தால் பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது, மற்ற கம்பிகள் தளர்கின்றன, அதே ஸ்வரத்துக்கு விரல் இன்னும் தூரம் தள்ள வேண்டியிருக்கிறது. அதைத்தான் "கம்பி ஸாஃப்ட்டா இருக்கு" என்று பலர் சொல்கிறார்கள். இங்கே கேட்காமலே கம்பியின் தடிமனை மாற்றிவிடுவது நடக்கும். 10-46 செட்டின் மொத்த இழுவிசை 648 மி.மீ. ஸ்கேலில் ஏறத்தாழ 46 கிலோ. 9-42 ஏறத்தாழ 38. எட்டு கிலோ குறைந்தால் பின்னாலுள்ள ஸ்பிரிங்குகள் ஜெயித்து, பிரிட்ஜ் உடம்போடு படுத்துவிடும். கம்பி தாழும், இரைச்சல் வரும், இன்டொனேஷன் போகும். பிறகு சேடிலை உயர்த்தி அதைச் சரிசெய்தால் தப்பின் மேல் தப்பு. ஸ்பிரிங் மாட்டிய கொக்கியின் இரண்டு திருகுகளைத் தளர்த்தி, ஸ்ட்ராட்டில் பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் 3 மி.மீ. அளவு இடைவெளி வந்த பிறகுதான் மற்ற வேலை.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்: அதே ஸ்ட்ராட்டின் பிரெட் வேலை அபாரம். மேடு பள்ளம் பார்த்து, ஒவ்வொரு பிரெட்டின் தலையிலும் மார்க்கர் தீட்டி, நேரான கட்டையில் ஒட்டிய 320 தாளால் சமன் செய்து, வட்ட அரத்தால் திரும்ப முகடு எடுத்து, 2000 தாள்வரை தேய்த்து மெருகு. முழுக்கக் கையால். வெளிநாட்டில் இதற்கு ப்ளெக் இயந்திரம் இருக்கிறது. கம்பி இறுக்கத்தில் இருக்கும்போதே நெக்கை அளந்து, எங்கே எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தேய்க்கும். இந்தக் கைவேலையை அதன் பக்கத்தில் வைத்தால், மூன்றாம் கம்பியைப் பெண்ட் செய்யும் விரல் வித்தியாசம் சொல்லாது. துருவால் சொரசொரத்துப் போயிருந்த பிரெட், கண்ணாடி மேல் கம்பி நகர்வது போல ஆகிவிட்டது. அங்கே ஸ்விட்ச் ஒட்டவில்லை என்றால் புது ஸ்விட்ச் மாற்றுவார்கள். இங்கே திறந்து, இதழை நிமிர்த்தி, சுத்தம் செய்து தருகிறார்கள். இத்தனை பொறுமை உள்ள கைக்கு ஃபீலர் கேஜ் ஒன்று எடுக்க மட்டும் ஏன் மனசு வரவில்லை என்பதுதான் ஆதங்கம்.

திருகும் அறுகோணச் சாவி விஷயத்திலும் கண் வையுங்கள். இப்போதைய அமெரிக்க ஃபெண்டர்களில் ஹெட்ஸ்டாக் பக்கம் ட்ரஸ் ராட் திருகும் இடத்துக்கு 1/8 அங்குலச் சாவி, அதாவது 3.175 மி.மீ. மேசையில் கிடப்பது 3 மி.மீ. சாவி. அது உள்ளே போகும், கொஞ்சம் ஆடும், அழுத்தித் திருப்பினால் அறுகோணம் வட்டமாகிவிடும். பிறகு நெக்கையே கழற்றிப் பெரிய வேலை. சேடில் திருகுக்கும் அதே கதை: அமெரிக்கத் தயாரிப்பில் 0.050 அங்குலம், ஆசியத் தயாரிப்பில் பெரும்பாலும் 1.5 மி.மீ. கிட்டாரோடு வந்த சாவியைப் பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவந்து, அதையே கையில் கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு தாளில் கம்பியின் தடிமன், ட்யூனிங், வேண்டிய நெக் வளைவு, எந்த பிரெட்டில் எவ்வளவு உயரம், "நட்டைத் தொட வேண்டாம்" என்று எழுதிக் கம்பியில் செருகிவிடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. ஒட்டிய தாள் நிற்கும்.

திரும்பிப் போகும்போது ட்ரஸ் ராட் எத்தனை கால் சுற்று, எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இங்கே ஈரத்தில் நேராக்கிய நெக், அங்கே குளிர்காலத்தில் காய்ந்து பின்பக்கம் வளையும். முதல் ஐந்து பிரெட்டில் இரைச்சல் வந்தால் அதுதான். போனவுடன் கை வைக்காமல் இரண்டு வாரம் விட்டு, திரும்ப அளந்து, அரைக்கால் சுற்று இடப்பக்கம் தளர்த்தி, மறுநாள் இன்னொரு முறை அளந்தால் போதும். பிரெட் முனைகள் ஓரத்தில் முள்ளாக நீட்டிக்கொண்டு வந்தால் அது செட்டப் கோளாறில்லை, பலகை சுருங்கியது. அரைகுறையாக ராவாமல் முதலில் பெட்டிக்குள் ஈரப்பதத்தை 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் கொண்டுவந்து பாருங்கள், பாதி முனைகள் தானாக உள்ளே போய்விடும்.