லீஸ் குறைவான ஃபிளாட்: விற்பவர் நீட்டிப்பதா, வாங்கியபின் நாமா?

இங்கிலாந்தில் பல ஃபிளாட்கள் லீஸ் முறையில், அதாவது நிலவுரிமையாளரிடமிருந்து குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமான உரிமையாக விற்கப்படுகின்றன. அந்த லீஸில் மீதமுள்ள காலம் 80 ஆண்டை நெருங்கிய ஃபிளாட் வாங்குவோருக்கு வரும் குழப்பம் இது.

செலவு: விற்பவர் நீட்டித்தால் வீட்டு விலையில் ஏறும். நாமே என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் 80-க்குக் கீழே இறங்கிவிட்டால், நீட்டிப்பால் கூடும் மதிப்பில் பாதி நிலவுரிமையாளருக்குப் போகும். இது பெரிய தொகை.

காலம்: விற்பவர் முடிக்கப் பல மாதங்கள் ஆகலாம். வாங்கியபின் என்றால் வீடு வாங்க அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நீட்டிப்புக் கேட்க ஃபிளாட் இரண்டாண்டு நம் பெயரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2025 ஜனவரி 31-இல் நீங்கிவிட்டது.

வங்கிக் கடன் தேவையா? விற்பவரே நீட்டிக்கட்டும். கையில் பணம் இருந்தால் வாங்கியபின் செய்யலாம்.

80-ஐத் தொடப்போகிறது, அவசரம் என்றால், லீஸ் நீட்டிப்புக் கேட்டு நிலவுரிமையாளருக்கு விற்பவரை இப்போதே சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி, வீட்டோடு சேர்த்து அந்த நோட்டீஸின் உரிமையையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மதிப்பீடு நோட்டீஸ் தேதியிலேயே நின்றுவிடும்.