டிஎக்ஸ்16எஸ்: எக்ஸ்போ, டூயல் ரேட் செட் பண்றதுக்காகவே வாங்கலாம்

ஆர்சி பிளேன் ஓட்டுற ரிமோட் ரேடியோவான ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ் கைக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு டிரெய்னர், ஒரு லோ விங் ஸ்போர்ட் பிளேன், ஒரு ஃபோம் கிளைடர்னு எல்லாத்தையும் இதுலதான் பறக்க விடுறேன். 16 சேனல், கலர் டச் ஸ்கிரீன் எல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க. நான் சொல்ல வந்தது ஒரே விஷயம், ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினா பிளேன் எவ்வளவு திரும்பணும்ங்கிறதை நம்ம கைக்கு ஏத்த மாதிரி செட் பண்ண இது அவ்வளவு வசதியா இருக்கு.

முன்னாடி வச்சிருந்த ரேடியோல எக்ஸ்போங்கிறது, அதாவது ஸ்டிக் நடுவுல இருக்கும்போது பிளேன் எவ்வளவு மெதுவா கேட்கணும்ங்கிறது, வெறும் ஒரு நம்பர். போடுவோம், பறக்க விடுவோம், சரியில்லன்னா இறக்கி மாத்துவோம். இந்த ரேடியோவுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேரான எட்ஜ்டிஎக்ஸ்ல இன்புட்ஸ் பக்கம் போய் எலிவேட்டர் (மூக்கை மேல கீழ ஆட்டுற வால் பலகை) லைனைத் திறந்தா கர்வ் வரைஞ்சே காட்டுது, ஸ்டிக்கை அசைச்சா புள்ளி அந்த கர்வ் மேலயே ஓடுது. 30 எக்ஸ்போ போட்டுட்டு ஸ்டிக்கை பாதி தள்ளிப் பாருங்க, 50க்கு பதிலா 39 கிட்டதான் போகும், முழுசா தள்ளினா அதே 100. எக்ஸ்போ நடுவுல மட்டும் சாஃப்ட் ஆக்குது, டூயல் ரேட் மொத்த அசைவையே குறைக்குதுன்னு எனக்கு மனசுல பதிஞ்சதே இதைக் கண்ணால பார்த்த அப்புறம்தான்.

இதுல பிளஸ் மைனஸ் ரொம்ப கவனம். ஃபுடாபா ரேடியோல நடுவை சாஃப்ட் ஆக்க மைனஸ் போடணும், ஸ்பெக்ட்ரம் ரேடியோலயும் எட்ஜ்டிஎக்ஸ்லயும் பிளஸ். நான் பழைய பேப்பர்ல எழுதி வச்ச மைனஸ் 30ஐ அப்படியே அடிச்சிட்டேன், கர்வைப் பார்க்கவே இல்ல, பிளேன் தரையை விட்டு எழுந்த உடனே மூக்கு மேலயும் கீழயும் துள்ளுது, விரலை லேசா அசைச்சாலே குதிக்குது. பாதி ஸ்டிக்குக்கே 61 போயிட்டிருந்திருக்கு. கை நடுங்க ஒரு பெரிய ரவுண்ட் அடிச்சு புல்லுல இறக்கினேன், ப்ராப் மட்டும் உடைஞ்சுது. இப்ப எந்த மாடல்லயும் கர்வைப் பார்க்காம கிளம்புறதே இல்ல.

ஸ்போர்ட் பிளேனுக்கு ஒரே ஸ்விட்ச்ல மூணு சர்ஃபேஸையும் (சாய்க்கிற எய்லரான், எலிவேட்டர், திருப்புற ரடர்) வச்சேன், ஹை ரேட்டுக்கு 100 வெயிட் (மொத்த அசைவோட சதவீதம்) 35 எக்ஸ்போ, லோ ரேட்டுக்கு 70 வெயிட் 20 எக்ஸ்போ. ஸ்விட்சைத் தட்டினா எந்த ரேட்னு குரல்ல சொல்ற மாதிரி ஸ்பெஷல் ஃபங்ஷன்ல போட்டுட்டேன், கண்ணை பிளேன்ல இருந்து எடுக்கவே வேண்டாம். லேண்டிங்ல மட்டும் எலிவேட்டர் ஹை ரேட்ல இருக்கட்டும், வேகம் குறையும்போது சர்ஃபேஸ் மேல படுற காத்தும் குறைஞ்சிடும், ஃப்ளேர் பண்ண, அதாவது தரை தொடுறதுக்கு முன்னாடி மூக்கைத் தூக்க, 70 பத்தாம போயிடலாம்.

வெயிட்டை 40க்கு இறக்கினாதான் பறக்கவே முடியுதுன்னா ரேடியோவை விட்டுட்டு புஷ் ராடை, அதாவது சர்வோ மோட்டாரையும் சர்ஃபேஸையும் இணைக்கிற கம்பியைப் பாருங்க. சர்வோ ஆர்ம்ல உள் ஓட்டைக்கு மாத்துங்க, இல்லன்னா சர்வோ கொஞ்சூண்டு மட்டும் திரும்பி, கியர்ல இருக்கிற ஆட்டம் எல்லாம் சர்ஃபேஸ்ல பெருசா தெரியும். வால் பக்கம் கனம் அதிகமான பிளேனும் எலிவேட்டர்ல இதே மாதிரிதான் துள்ளும், அதுக்கு எக்ஸ்போ மருந்தே இல்ல, சிஜியை (பிளேனோட எடை மையம்) முன்னாடி கொண்டு வரணும்.

எட்ஜ்டிஎக்ஸ் புதுசா வர்றவங்களுக்கு முதல் வாரம் தலை சுத்தும், இன்புட்ஸ், மிக்ஸஸ், அவுட்புட்ஸ்னு வரிசை புரிஞ்சிட்டா அப்புறம் ஈஸி. ரேடியோ கொஞ்சம் கனம், கழுத்துப் பட்டை போட்டுக்கோங்க. ஹால் சென்சார் கிம்பல் (ஸ்டிக் பொருத்தியிருக்கிற அமைப்பு), ஸ்டிக் எங்க இருக்குன்னு காந்தத்தை வச்சுப் படிக்கிறதால சென்சார்ல உரசித் தேயுற பார்ட் கிடையாது, ஸ்டிக் ரொம்ப ஸ்மூத். ஸ்பிரிங் டென்ஷனையும் ஸ்க்ரூ திருகி மாத்திக்கலாம். நான் கொஞ்சம் டைட் பண்ண அப்புறம் எய்லரான் எக்ஸ்போவை 35ல இருந்து 25க்கு இறக்கிட்டேன், இப்ப ரோல் நினைச்ச இடத்துல நிக்குது.