பாரோவா, லெண்டா?

‘கேன் யூ பாரோ மீ யுவர் பென்?’ சிங்கப்பூரில் அடிக்கடி காதில் விழும் தவறான ஆங்கில வாக்கியம். ‘லெண்ட்’ (lend) வர வேண்டிய இடத்தில் ‘பாரோ’ (borrow) வந்துவிட்டது. மலாயின் ‘பிஞ்சாம்’, சீனத்தின் ‘ஜியே’ இரண்டும் இரவல் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் பொதுவானவை. குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். தமிழருக்கு அந்தச் சாக்கு செல்லாது. இரவல் வாங்கு, இரவல் கொடு என்று நம்மிடம் தெளிவாகவே இருக்கிறது.

திசை:
பாரோ – பொருள் என்னிடம் வருகிறது.
லெண்ட் – என்னிடமிருந்து போகிறது.
நூலகம் லெண்ட் செய்கிறது, நாம் பாரோ செய்கிறோம்.

துணைச்சொல்:
பாரோ – ‘ஃப்ரம்’ சேரும்: ‘ஐ பாரோட் இட் ஃப்ரம் ஹர்’.
லெண்ட் – ‘டு’ சேரும். ஆளை ஒட்டிச் சொன்னால் அதுவும் வேண்டாம்: ‘லெண்ட் மீ டென் டாலர்ஸ்’.
பாரோவுக்குப் பின் ஆளை இப்படி நேராக ஒட்ட முடியாது. ‘பாரோ மீ’ தவறாவது இதனால்தான்.

இறந்தகாலம்:
பாரோ – பாரோட்.
லெண்ட் – ஆங்கிலத்தில் கடைசி எழுத்து மட்டும் மாறும் (lend – lent). ‘லெண்டட்’ என்றொரு சொல்லே கிடையாது.

கேள்வி ‘கேன் ஐ’ என்று தொடங்கினால் பாரோ. ‘கேன் யூ’ என்றால் லெண்ட். உதவிக்குக் கைகொடுப்பதும் ‘லெண்ட் எ ஹேண்ட்’தான். கழிப்பறைக்கு மட்டும் இரண்டும் வேண்டாம், ‘யூஸ்’ போதும். அதை யாரும் எடுத்துப்போய்த் திருப்பித் தருவதில்லையே!